கேளுங்கள், சொல்கிறேன்: பழைய தோல் வாலட்டும் கையால் கட்டிய ஃப்ளைகளும்

சென்ற இதழில் பழைய ஃப்ளை வாலட்டுகளைப் பற்றி நான்கைந்து வரி எழுதியிருந்தேன், அதற்கு இத்தனை கேள்விகள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. புதிதாக வாசிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை: தூண்டில் முள்ளின்மேல் இறகு, ரோமம், பட்டு நூல் இவற்றை வைத்துப் பூச்சி மாதிரிக் கட்டுவதுதான் ஃப்ளை. ட்ரௌட், சால்மன் மீன்களைப் பிடிக்க அதைக் கட்டுகிறார்கள். அந்த ஃப்ளைகளைச் சட்டைப்பையில் எடுத்துப்போக, உள்ளே கம்பளித் துணிப் பக்கங்கள் வைத்துத் தைத்து, வாரோ பட்டனோ போட்டு மூடும் தோல் உறைதான் வாலட். விரித்தால் சின்னப் புத்தகம் மாதிரியே இருக்கும் என்பதால் ஃப்ளை புக் என்றும் சொல்வார்கள். பிறகு அலுமினியப் பெட்டியும் பிளாஸ்டிக் டப்பாவும் வந்து அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன. ஆனால் நல்ல தோலில் செய்தது நூறு வருடம் தாண்டியும் கிடக்கிறது, சரியாகக் கவனித்தால் இன்னும் ஆற்றுக்கு எடுத்துப்போகலாம்.

கேள்வி: தாத்தாவின் பெட்டியில் ஒரு தோல் வாலட் கிடைத்தது. உள்ளே முப்பது நாற்பது ஃப்ளைகள், பாதி துணியோடு ஒட்டிப்போயிருக்கின்றன. தோல் காய்ந்திருக்கிறது. முதலில் எண்ணெய் தடவட்டுமா?

பதில்: வேண்டாம், எண்ணெய் பாட்டிலை இப்போதைக்கு எடுத்து உள்ளே வையுங்கள். முதல் வேலை படம் எடுப்பது. ஒவ்வொரு பக்கத்தையும் விரித்து, எந்த ஃப்ளை எங்கே இருந்தது என்று தெரிகிற மாதிரி வெளிச்சத்தில் எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஒருமுறை கலைந்துவிட்டால் தாத்தா எதை எதற்குப் பக்கத்தில் வைத்திருந்தார் என்பது போய்விடும். அப்புறம் ஃப்ளை எதுவும் இல்லாத இடத்தில் துணியைப் பாருங்கள். துருப்பிடித்த முள் ஒன்று வருடக்கணக்கில் படுத்துக் கிடந்த இடத்தில், அதே வளைவோடு, அதே அளவில் பழுப்பு நிழல் ஒன்று பதிந்திருக்கும். அந்த நிழலின்மேல் ஒரு புது முள்ளை வைத்து ஒப்பிட்டால் அவர் எந்த அளவு முள் பயன்படுத்தினார் என்று சொல்லிவிடலாம். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த நேரம் இதுதான்.

அடுத்தது பூச்சி. ஃப்ளை முழுக்க இறகும் கம்பளியும்தான், துணிப்பூச்சிக்கும் கம்பள வண்டின் புழுவுக்கும் அதைவிட நல்ல சாப்பாடு கிடையாது. துணியில் சின்னச் சின்ன ஓட்டைகள், மணல் மாதிரிப் பொடி, உரித்துப்போட்ட புழுச்சட்டை ஏதாவது தெரிந்தால் வாலட்டை அப்படியே காற்றுப்புகாத பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, வீட்டு ஃப்ரீசரில் 2 வாரம் வையுங்கள். வீட்டு ஃப்ரீசர் பெரும்பாலும் மைனஸ் 18 டிகிரியில் ஓடும், 2 வாரம் வைத்தால் முட்டை உட்பட எல்லாம் செத்துவிடும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள். ஒரு முழு நாள் அறை வெப்பத்தில் கிடக்கட்டும், இல்லாவிட்டால் குளிர்ந்த தோல்மேலும் முள்மேலும் ஈரம் படிந்துவிடும்.

ஒட்டிப்போன ஃப்ளையை, முள்ளோடு கட்டியிருக்கும் நரம்பை (தூண்டில் இழையை) பிடித்து இழுக்கவே கூடாது. முள்ளின் வளைவைச் சின்ன இடுக்கியால் பிடித்து, அது உள்ளே போன வழியிலேயே மெல்லப் பின்னுக்குத் தள்ளுங்கள். செதில், அதாவது முள்முனைக்குப் பக்கத்தில் பின்னோக்கி நீட்டியிருக்கும் சின்னக் கூர், மாட்டிக்கொண்டால் பூதக்கண்ணாடி வைத்து, செதிலைப் பிடித்திருக்கும் துணி இழையை, ஒன்றோ இரண்டோ, கத்தரி நுனியால் வெட்டிவிடுங்கள். இரண்டு இழை போனால் துணிக்கு ஒன்றும் ஆகாது, ஃப்ளையின் இறகு போனால் திரும்ப வராது. வராத ஃப்ளையை அங்கேயே விட்டுவிடலாம், அதிலும் தவறில்லை.

கேள்வி: ஃப்ளைகளில் முள்ளுக்குக் கண் (இழை கோக்கும் வளையம்) இல்லை, ஏதோ மஞ்சள் கம்பி மாதிரி ஒன்றைச் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். அப்படியானால் இது 19-ஆம் நூற்றாண்டுதானே?

பதில்: அவசரப்படாதீர்கள். அந்த மஞ்சள் கம்பி பட்டுப்புழு நரம்பு. கூடு கட்டத் தயாரான பட்டுப்புழுவை வினிகரில் ஊறப்போட்டு, அதன் பட்டுச் சுரப்பியை இரண்டு கையாலும் இழுத்து நீட்டிக் காயவைத்தால் வரும் இழை அது. ஸ்பெயினின் முர்சியா பகுதி அந்தத் தொழிலுக்குப் பேர்போனது. கண் இல்லாத முள்ளின் தண்டோடு நரம்பைச் சேர்த்துக் கட்டி, மறுமுனையில் ஒரு சுருக்கு வைத்துவிடுவார்கள். 1870-களின் கடைசியில் ஹெச். எஸ். ஹால் போன்ற ஆங்கிலேயத் தூண்டில்காரர்கள் கண் வைத்த முள்ளைச் செம்மைப்படுத்திய பிறகுதான் அது மெல்லப் பரவியது. ஆனால் நரம்போடு கட்டிய ஃப்ளைகள் அதற்குப் பின்னும் பல பத்தாண்டுகள் விற்றன. நைலான் 1938-ல் அறிவிக்கப்பட்டு, இரண்டாம் உலகப் போருக்குப் பின் எல்லாக் கைகளுக்கும் வந்த பிறகுதான் பட்டுப்புழு நரம்பு நிஜமாகவே மறைந்தது. அதனால் கண்ணில்லாத முள்ளை மட்டும் வைத்து வயது சொல்ல முடியாது. பட்டன், தையல், தோல்மேல் பதித்த முத்திரை, பக்கங்கள் எதனால் செய்தவை, எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: தொட்டால் விரலில் செந்தூள் ஒட்டுகிறது. இது அழுக்கா, துருவா?

பதில்: இரண்டும் இல்லை, தோலே தூளாகிக்கொண்டிருக்கிறது. ரெட் ராட் என்று சொல்வார்கள். மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல் காற்றிலுள்ள கந்தக டைஆக்சைடை உறிஞ்சிக்கொள்ளும், அது உள்ளேயே கந்தக அமிலமாக மாறி இழைகளைத் தின்னும். நிலக்கரிப் புகையும் வாயு விளக்கும் நிறைந்த வீடுகளில் இருந்த தோல் பொருட்களுக்கு இது வந்தது, மைக்கேல் ஃபாரடே 1840-களிலேயே வாயு விளக்கின்மேல் சந்தேகப்பட்டுச் சோதித்திருக்கிறார்.

போன தோல் திரும்ப வராது, இதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். மேற்கொண்டு உதிராமல் நிறுத்தலாம், அவ்வளவுதான். ஹைட்ராக்சிபுரோப்பைல் செல்லுலோஸ் என்ற தூள் கிடைக்கும், பழைய புத்தகங்களைப் பழுதுபார்ப்பவர்கள் குளூசெல் ஜி என்ற பேரில் வாங்குவார்கள். அதை 100 மில்லி ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலுக்கு 1 அல்லது 2 கிராம் என்று போட்டு, ஒரு இரவு விட்டால் மெல்லிய கஞ்சி மாதிரிக் கரைந்துவிடும். மென்மையான தூரிகையால் ஒரே ஒரு பூச்சு, உலர்ந்ததும் விரலால் தடவிப் பாருங்கள், தூள் இன்னும் வந்தால் இன்னொரு பூச்சு. ஆல்கஹால் சில சாயங்களைக் கரைத்துவிடும் என்பதால் முதலில் உள்பக்க மூலை ஒன்றில் சோதித்துவிட்டுச் செய்யுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் நெருப்பு கூடாது.

தண்ணீர் மட்டும் படவே கூடாது. ஈரத்துணியால் ஒரு துடை துடைத்தால் போதும், அந்த இடம் கறுத்து, பிஸ்கட் மாதிரி விறைத்துவிடும். அதற்கு மருந்து கிடையாது.

கேள்வி: சேணச் சோப்பு போட்டு, மாட்டுக் குளம்பு எண்ணெய் தடவினால் எந்தத் தோலும் புதுசு மாதிரி ஆகும் என்கிறார்களே?

பதில்: புதுசு மாதிரி ஆகும், ஒரு மாதத்துக்கு. நான் தொடங்கிய காலத்தில் அழகான பழுப்பு வாலட் ஒன்று கையில் வந்தது, மூலைகளில் மட்டும் லேசான வறட்சி. யாரோ சொன்னார்கள் என்று குளம்பு எண்ணெயை வயிறு நிறையக் குடிக்க விட்டேன். தோல் குடித்தது, குடித்துக்கொண்டே இருந்தது, மறுநாள் பார்த்தால் பழுப்பு போய்க் கறுப்பு, அதைவிட மோசம், எண்ணெய் தோலைத் தாண்டி உள்ளே ஃப்ளானல் பக்கங்களில் ஏறி, அங்கே இருந்த ஃப்ளைகளின் இறகெல்லாம் நனைந்து ஒட்டிக்கொண்டன. அந்த ஃப்ளைகளில் ஒன்றைக்கூட மீட்க முடியவில்லை. இன்றைக்கும் அந்த வாலட் என் மேசையில் இருக்கிறது, கையில் எடுத்தால் பிசுபிசுக்கும்.

காரணம் எளிது. எண்ணெய் வைத்த இடத்தில் நிற்காது, நகரும், தூசியை இழுக்கும். சேணச் சோப்பு காரத்தன்மை உள்ளது, மரப்பட்டையில் பதனிட்ட தோலோ அமிலத்தன்மை உள்ளது, பி.எச். 3-லிருந்து 5-க்குள் இருக்கும். தினமும் வியர்வையில் நனைகிற குதிரைச் சேணத்துக்கு ஏற்றதை நூறு வருடம் சும்மா கிடந்த மெல்லிய தோலில் போட்டால் தாங்காது. காய்ந்த தூரிகையால் தூசி தட்டுங்கள், மடிப்புகளில் பஞ்சுக்குச்சி, அவ்வளவே. தூள் உதிராத, ஆனால் விறைத்த தோலாக இருந்து, நீங்கள் அதைக் கையாளப்போகிறீர்கள் என்றால் தேன்மெழுகு கலந்த தோல் கிரீமைப் பட்டாணி அளவு எடுத்து, விரல் சூட்டில் உருக்கி, வெளிப்பக்கம் மட்டும் தடவுங்கள். ஒரு நாள் விட்டு, தேவைப்பட்டால் இன்னொரு முறை. உள்பக்கத்துக்கு ஒன்றும் வேண்டாம்.

கேள்வி: பட்டனைச் சுற்றிப் பச்சையாகக் கெட்டியாக ஏதோ படிந்திருக்கிறது, ஓரத் தையலும் பிரிந்துவிட்டது.

பதில்: பச்சை என்றால் களிம்பு. பித்தளையிலுள்ள செம்பு, தோலிலுள்ள கொழுப்போடு சேர்ந்து உருவாவது, அதனால்தான் மெழுகு மாதிரி இருக்கிறது. மூங்கில் குச்சியைச் சீவிக் கூராக்கி மெதுவாகச் சுரண்டி எடுங்கள், மிச்சத்தைப் பஞ்சுக்குச்சியில் ஒயிட் ஸ்பிரிட் (பெயிண்ட் கரைக்கும் திரவம்) தொட்டுத் துடைத்துவிடலாம், பட்டனில் மட்டும், தோலில் படாமல். பித்தளை பாலீஷ் வேண்டாம், அதன் வெள்ளைப் பொடி தோலின் துளைகளில் புகுந்து உட்கார்ந்துகொள்ளும், எடுக்கவே முடியாது. களிம்பு மறுபடி வரும், வருடத்துக்கு ஒருமுறை எடுத்தால் போதும்.

தையலுக்கு லினன் நூல், தேன்மெழுகுக் கட்டியில் இரண்டு முறை இழுத்தது. தைக்க வேண்டிய நீளத்தைப் போல நான்கு மடங்கு நூல் எடுத்து, இரண்டு முனையிலும் ஒவ்வொரு ஊசி கோத்துக்கொள்ளுங்கள். முனை மழுங்கிய ஊசியாக இருக்கட்டும், ஏனென்றால் நாம் புது ஓட்டை போடப்போவதில்லை, பழைய ஓட்டையைத் தேடிப் போகிறோம். ஒரே ஓட்டையில் ஒரு ஊசி இந்தப் பக்கத்திலிருந்து, மற்றது அந்தப் பக்கத்திலிருந்து, இப்படியே போனால் ஒரு இழை அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். பிரிந்த இடத்துக்கு இரண்டு மூன்று தையல் முன்பிருந்தே தொடங்குங்கள். இழுக்கும்போது கை மெதுவாக இருக்கட்டும். பழைய தோலில் நூலை இறுக்கி இழுத்தால் ஓட்டைக்கு ஓட்டை கிழிந்து, தபால்தலை ஓரம் மாதிரி மொத்த விளிம்பும் கையோடு வந்துவிடும்.

கேள்வி: உள்பக்கங்களை மாற்ற வேண்டுமா? என்னிடம் இருப்பதில் ஆட்டுக் கம்பளித் தோல் ஒரு பக்கமும் கண்ணாடி மாதிரி மஞ்சள் தாள் ஒரு பக்கமும் இருக்கின்றன.

பதில்: மஞ்சள் தாளை முகர்ந்து பாருங்கள். கற்பூர வாசனை வந்தால் அது செல்லுலாய்டு. பிசுபிசுப்போ நுண்ணிய வெடிப்போ தெரிந்தால் அழியத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம், அது விடும் அமில ஆவி பக்கத்திலுள்ள முள்ளைத் துருவாக்கும், தோலையும் கெடுக்கும். எளிதில் தீப்பற்றும் பொருள் வேறு. அதைக் கழற்றி, தனியாகக் காகித உறையில், காற்றோட்டமான, சூடில்லாத இடத்தில் வையுங்கள். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை, பழசு என்ற பாசத்துக்காகச் செல்லுலாய்டை ஃப்ளைகளோடு மூடி வைக்கக் கூடாது.

ஆட்டுக் கம்பளித் தோல் பார்க்க அழகு, ஆனால் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நனைந்த ஃப்ளையை அதில் குத்தி மூடினால் முள் அங்கேயே துருப்பிடிக்கும். அதை எடுத்துவிட வேண்டாம், பயன்படுத்தாமல் விட்டால் போதும். பயன்பாட்டுக்கு என்று தனியாக, சாயம் போடாத கம்பளி ஃபெல்ட்டில் ஒரு பக்கம் வெட்டி, பழைய பக்கத்தின்மேல் நான்கு மூலையிலும் ஒவ்வொரு தளர்ந்த தையல் போட்டுவிடுங்கள். பசை வேண்டாம். பின்னால் யாராவது பிரித்துப் பார்க்க விரும்பினால் நான்கு நூலை வெட்டினால் போதும், கீழே பழைய துணி அதன் துரு நிழல்களோடு அப்படியே இருக்கும்.

கேள்வி: வாலட் தயார். எதை நிரப்புவது? என்னிடம் உலர் ஃப்ளைகள்தான் நிறைய இருக்கின்றன.

பதில்: உலர் ஃப்ளைகளைப் பெட்டியிலேயே விடுங்கள். உலர் ஃப்ளை தண்ணீருக்கு மேலே நிற்பதே அதன் விறைப்பான கழுத்து இறகு சுற்றிலும் குச்சி குச்சியாக நீட்டிக்கொண்டிருப்பதால்தான். வாலட்டில் வைத்து மூடினால் ஒரு பக்கம் நசுங்கி, பிறகு கவிழ்ந்துதான் மிதக்கும். வாலட் ஈர ஃப்ளைகளின் வீடு, அதாவது தண்ணீருக்குள் அமிழ்ந்து போகிறவை. அவற்றின் இறக்கை பின்னோக்கிச் சாய்ந்து முதுகோடு படிந்திருக்கும், கழுத்து இறகு மென்மையானது, எவ்வளவு நேரம் அமுங்கிக் கிடந்தாலும் தண்ணீர் பட்டதும் உயிர் வந்த மாதிரி விரியும். இறகு தட்டையாகவே படுத்துக்கொள்ளும் என்பதால்தான் இந்தத் தட்டையான உறையில் அவை இத்தனை காலம் குடியிருந்தன.

என் வாலட்டில் எப்போதும் இருப்பதைச் சொல்கிறேன். கிரீன்வெல்ஸ் குளோரி, 1854-ல் ஸ்காட்லாந்து எல்லையிலுள்ள ட்வீட் ஆற்றுக்காக ஜேம்ஸ் ரைட் கட்டியது, கேட்டுக் கட்டவைத்த பாதிரியார் கிரீன்வெல்லின் பேரிலேயே நின்றுவிட்டது. மஞ்சள் பட்டு நூலைச் செருப்புத் தைக்கும் மெழுகில் இழுத்தால் ஒரு மங்கல் பச்சை வரும், அதுதான் உடம்பு, அதன்மேல் தங்கக் கம்பி, இறக்கைக்குக் கருங்குருவியின் இறகு. மஞ்சள் நூலை மட்டும் அப்படியே சுற்றிவிட்டுக் கிரீன்வெல் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், மெழுகு இல்லாமல் அந்த நிறம் வரவே வராது. அடுத்தது ராயல் கோச்மேன், 1878-ல் நியூயார்க்கில் ஜான் ஹெய்லி கட்டியது. அதற்கு முன்பிருந்த கோச்மேன் என்ற ஃப்ளையின் உடம்பு முழுக்க மயில் தோகை இழை, மீனின் பல் பட்டுச் சீக்கிரம் பிய்ந்துபோகிறது என்று நடுவில் சிவப்புப் பட்டால் ஒரு கட்டுப் போட்டார். உறுதிக்காகப் போட்ட அந்தச் சிவப்புப் பட்டைதான் இன்றைக்கு அதன் அடையாளமே. பழைய வாலட்டின் மங்கிய ஃப்ளானலில் அந்தச் சிவப்பும் வெள்ளை இறக்கையும் வரிசையாக நிற்பதைப் பார்த்துவிட்டால் கை தானாகக் கட்டத் தொடங்கிவிடும். மிச்சம் பூராவும் ஸ்பைடர்கள், இறக்கையே இல்லாமல், உடம்புக்கு நூல், கழுத்துக்கு ஒரு இறகு, அவ்வளவுதான்.

வைக்கும்போது முள் எல்லாம் ஒரே திசையில் இருக்கட்டும். ஒரு பக்கத்துக்குப் பத்து ஃப்ளைக்கு மேல் வேண்டாம், எதிர்ப் பக்கத்திலுள்ளது இதன்மேல் உட்காராதபடி இடம் மாற்றிக் குத்துங்கள். ஒரு பக்கம் முழுக்கக் காலியாக இருக்க வேண்டும். எதற்கு என்று கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

கேள்வி: பார்ட்ரிட்ஜ் அண்ட் ஆரஞ்ச் என்ற ஸ்பைடர் கட்டுகிறேன். இரண்டே பொருள்தான், ஆனாலும் என்னுடையது விளக்குமாறு மாதிரி வருகிறது.

பதில்: இறகு அதிகம், உடம்பு நீளம், இந்த இரண்டும்தான் பெரும்பாலும் காரணம். 14-ஆம் எண் முள்ளை வைஸில், அதாவது முள்ளை அசையாமல் பிடிக்கும் பிடிகருவியில், மாட்டுங்கள். ஆரஞ்சுப் பட்டு நூலை மெழுகில் இழுத்து, கண்ணுக்குப் பின்னால் ஒரு நூலிடை விட்டுத் தொடங்கி, ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக, ஏறாமல், இடைவெளி விடாமல் சுற்றிப் போங்கள். எங்கே நிறுத்துவது என்பதில்தான் எல்லோரும் தவறுகிறோம். வளைவு வரை போகக் கூடாது, முள்ளின் கூர்முனைக்கு நேர் மேலே தண்டில் எந்த இடமோ அங்கேயே திரும்பிவிட வேண்டும். திரும்பி வந்து சேரும்போது உடம்பு ஒரு தீக்குச்சியைவிட மெல்லியதாக இருக்கும், போதவில்லையே என்று தோன்றும், போதும்.

இப்போது கவுதாரியின் பழுப்புப் புள்ளி இறகு ஒன்று. அடியிலுள்ள பஞ்சு இழைகளை உரித்துவிடுங்கள். நுனியைப் பிடித்துக்கொண்டு மற்ற இழைகளைப் பின்னோக்கி நீவிவிட்டால் நுனியில் ஒரு சின்ன முக்கோணம் நிற்கும், அதைத்தான் நூலால் பிடித்துக் கட்ட வேண்டும். இழையின் நீளம் முள்ளின் வளைவைக் கொஞ்சம் தாண்டினால் போதும், அதற்கு மேல் நீளமென்றால் சின்ன இறகாகத் தேடுங்கள். தண்டைப் பிடித்து ஒரு சுற்று, இழைகளைப் பின்னுக்கு நீவி இன்னொரு சுற்று, நிறுத்துங்கள். மூன்றாவது சுற்றுக்குக் கை போகும், போக விடாதீர்கள். இழைகளுக்கு நடுவே உடம்பின் ஆரஞ்சு தெரிய வேண்டும், எண்ணினால் பன்னிரண்டு பதினைந்து கால்கள் இருந்தால் நிறைய. நான்கு சுற்றில் முடிச்சு, ஊசிமுனையில் தொட்ட ஒரே சொட்டு வார்னிஷ். முடித்ததும் ஒரு கிண்ணம் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். ஆரஞ்சுப் பட்டு நனைந்ததும் அடர்ந்து செம்பழுப்பாகிவிடும், இறகு தண்ணீரோடு மூடி விரியும். மீன் பார்ப்பது அந்த நிறத்தைத்தான்.

கேள்வி: வாலட்டில் கிடைத்த பழைய ஃப்ளைகளாலேயே மீன் பிடிக்கலாமா?

பதில்: வேண்டாம். பட்டுப்புழு நரம்பு நல்ல நாளிலேயே தண்ணீரில் ஊறவைத்த பிறகுதான் முடிச்சுத் தாங்கும், பல பத்தாண்டு காய்ந்தது ஊறினாலும் நம்ப முடியாது. நரம்பு அறுந்து, முள் வாயில் மாட்டிய மீன் போய்விடும், அது மீனுக்கும் கேடு, அந்த ஃப்ளைக்கும் முடிவு. அதே தோற்றம் வேண்டுமென்றால் கண்ணில்லாத முள் இப்போதும் செய்கிறார்கள். நைலான் துண்டு ஒன்றின் நுனியை இடுக்கியால் அழுத்திச் சொரசொரப்பாக்கி, தண்டோடு வைத்து, மெழுகிட்ட பட்டு நூலால் நெருக்கமாகச் சுற்றுங்கள், நுனியை மடித்து மேலும் சில சுற்று. கட்டியதும் நைலானைப் பிடித்துப் பலமாக இழுத்துப் பாருங்கள். வழுக்கினால் வைஸிலேயே வழுக்கட்டும், ஆற்றில் வேண்டாம்.

கேள்வி: பழைய சால்மன் ஃப்ளைகளில் அரிய பறவைகளின் இறகு இருக்கிறது. அதே இறகு எங்கே கிடைக்கும்?

பதில்: தேடாதீர்கள் என்று சொல்லவே இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டேன். விக்டோரியா காலத்துச் சால்மன் ஃப்ளைகள் உலகம் முழுவதிலுமிருந்து வந்த பறவைகளைத் தின்றன. அந்த ஆசை இன்னும் சாகவில்லை: 2009 ஜூனில் இங்கிலாந்தில் டிரிங் ஊரிலுள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திலிருந்து 299 பறவைத் தோல்கள் திருடு போயின, ஃப்ளை கட்டுவதற்கான இறகுகளுக்காக. ஆராய்ச்சிக்கென்று சேர்த்து வைத்திருந்தவை, பலவற்றில் எங்கே எப்போது எடுத்தது என்ற குறிப்புச் சீட்டு அறுத்தெறியப்பட்டிருந்தது, இறகு திரும்பி வந்தும் பயனில்லை. நம் கலையின்மேல் விழுந்த கறை அது, எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஜங்கிள் காக் என்று கேட்பார்களே, எனாமல் பூசிய மாதிரிப் புள்ளி வைத்த கழுத்து இறகு, அது தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல் காட்டுக்கோழியுடையது. இந்தியாவில் அது சட்டம் காக்கும் பறவை, அதை வேட்டையாடவோ இறகை விற்கவோ முடியாது. வேறு நாடுகளில் பண்ணையில் வளர்த்த பறவையின் இறகு சட்டப்படி கிடைப்பதுண்டு, உங்கள் நாட்டு விதியைப் பார்த்துவிட்டு, ஆவணத்தோடு விற்பவரிடம் மட்டும் வாங்குங்கள். என் வழி இன்னும் எளிது: சாதாரணக் கோழியின் சின்ன இறகில் வார்னிஷ் தடவி விறைப்பாக்கி, அதன்மேல் வெளிர் மஞ்சள் எனாமலில் குண்டூசித் தலையால் ஒரு புள்ளி. ஒரு முழம் தள்ளி நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியாது. மற்ற அரிய இறகுகளுக்கு வான்கோழி, வாத்து இறகில் சாயமேற்றிக்கொண்டால் போதும். இன்னொன்று, பாடம் செய்த பழைய பறவைத் தோல் கைக்கு வந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள், அந்தக் காலத்தில் ஆர்சனிக் தடவித்தான் பாடம் செய்தார்கள்.

கேள்வி: விற்கும் எண்ணம் இருந்தால் சீர்படுத்தலாமா?

பதில்: தூசி தட்டுவதோடு நிறுத்திவிடுங்கள். சேகரிப்பவர்கள் கை படாததைத்தான் கேட்பார்கள். தயாரிப்பாளர் முத்திரை மங்கியிருந்தால் மங்கியே இருக்கட்டும், அதைத் திரும்பப் பதிப்பது ஏமாற்று.

கேள்வி: ஆற்றில் பயன்படுத்திவிட்டு வந்து எப்படிப் பாதுகாப்பது?

பதில்: அந்தக் காலிப் பக்கம் இதற்குத்தான். நனைந்த ஃப்ளையை அது இருந்த இடத்தில் திரும்பக் குத்தாமல் காலிப் பக்கத்தில் மட்டும் குத்துங்கள், மற்றவற்றுக்கு ஈரம் போகாது. நான் அதற்கும் முன்னால் தொப்பியின் ஓரத்தில் குத்திக் கொஞ்ச நேரம் காற்று வாங்க விடுவேன். வீட்டுக்கு வந்ததும், எவ்வளவு களைப்பாக இருந்தாலும் சரி, வாலட்டைத் திறந்து, பக்கங்களை விசிறி மாதிரி விரித்து நிழலில் நிறுத்திவையுங்கள், வெயிலும் வேண்டாம், அடுப்புப் பக்கமும் வேண்டாம். மறுநாள் காலை நனைந்த பக்கத்தின் ஃபெல்ட்டை உதட்டின்மேல் வைத்துப் பாருங்கள். ஈரத்தை விரல் சொல்லாவிட்டாலும் உதடு சொல்லிவிடும், ஜில்லென்று இருந்தால் இன்னும் ஒரு நாள் திறந்தே இருக்கட்டும்.